சிறு பாய்ப்படகுக்கு ஏணி: வாங்குவதா, கட்டுவதா?

மல்லிப்பட்டினம் பக்கத்து மனோரா கோபுரம் கண்ணெதிரே தெரிகிற தூரத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில், என் சொந்தப் படகில் ஏற முடியாமல் இருபது நிமிடம் நின்றிருக்கிறேன். சுக்கானில் பழைய வலைத்துண்டு ஒன்று சுற்றிக்கொண்டது. அதை எடுக்க இறங்கினேன், எடுத்தும் விட்டேன். ஏறலாம் என்று விளிம்பைப் பிடித்து உன்னினால் கால் சேற்றுக்குள் போகிறது. இன்னும் பலமாக உன்னினால் முழங்கால் வரை போகிறது. படகில் இருந்த மச்சினன் பதறிப்போய் என் பக்கம் வந்து கையைப் பிடித்து இழுக்க, படகு எங்கள் பக்கமே சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. “மாப்பிள்ளை, கையை விடுப்பா. நீ அந்தப் பக்கம் போய் உட்காரு” என்றேன். கடைசியில் அவன் நங்கூரக் கயிற்றில் ஒரு வளையம் போட்டுத் தொங்கவிட்டான். அதில் கால் வைத்தேன். கால் படகுக்கு அடியில் போனது, முதுகு தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறைதான் வயிற்றால் ஊர்ந்து உள்ளே விழுந்தேன். முன்கை இரண்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தன.

அன்று காற்று இல்லை, அலை இல்லை, எனக்கு நீச்சல் தெரியும், கூட ஒரு ஆள் இருந்தான். இந்த நான்கில் ஒன்று குறைந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் ஏணி விஷயத்தில் இறங்கினேன். புதிதாகப் பாய்ப்படகு வாங்குகிறவர்கள் பாய், மோட்டார், நங்கூரம் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கிறார்கள். ஏணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏணி படகில் இருப்பவருக்கானது இல்லை. தண்ணீரில் இருப்பவருக்கானது. அவர் களைத்திருப்பார், உடுப்பு நனைந்து கனக்கும், மார்பில் மிதவைச் சட்டை பருத்து நிற்கும், மேலே இருந்து கை கொடுக்க ஆள் இல்லாமலும் போகலாம். அந்த ஆள் கீழே இருந்தபடியே ஏணியை இறக்கி, தானே ஏற வேண்டும். பெட்டிக்குள் அழகாக மடித்து வைத்த ஏணியால் அவருக்குப் பயனில்லை. அளவு, பொருள், பொருத்தும் இடம் என்று இனி நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எந்தக் கரையில் ஓட்டுகிறீர்கள்?

காவிரி டெல்டாவின் கடல் ஒரே மாதிரி இல்லை. கோடியக்கரையில் கரை திரும்புகிறது. அதற்கு மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அடியில் சேறு. வெகுதூரம் போனாலும் இடுப்பளவுதான் என்பார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் நான் ஏணி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். சேற்றுத்தரை காலுக்குப் பிடிமானம் தராது. ஆழமில்லாத தண்ணீரிலும் நீங்கள் மிதப்பவர்தான் என்று எண்ணிக்கொண்டு ஏணியைத் தேர்ந்தெடுங்கள்.

கோடியக்கரைக்கு வடக்கே வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் திறந்த கடல். அலை உண்டு. பல ஊர்களில் படகை மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். அங்கே பின்பலகையில் இரும்பு ஏணியைப் பொருத்தினால், இழுக்கும்போதும் தள்ளும்போதும் அது வளையும், அல்லது யாராவது ஒருவர் முழங்காலைப் பதம்பார்க்கும். தினமும் கரையேற்றும் படகுக்கு, கழற்றி உள்ளே போட்டுக்கொள்ளும் கயிற்று ஏணிதான் சரி. முகத்துவாரத்திலோ துறையிலோ கட்டியே கிடக்கும் படகு என்றால் நிலையான மடக்கு ஏணி நல்லது.

ஒருவர் இருவர் ஓட்டும் கவிழக்கூடிய சின்னப் பாய்ப்படகுக்கு ஏணியே தேவையில்லை. விளிம்பு உயரம் குறைவு, பின்பக்கமாக உன்னி ஏறிவிடலாம். கயிற்றில் ஒரு கால்வளையம், அதில் பாதம் படும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர்க் குழாய். அது போதும்.

அளவெடுப்பது

கடையில் போய் “ஏணி இருக்கா?” என்று கேட்பதற்கு முன்னால் அளவெடுத்துவிடுங்கள். வழக்கமாக ஏற்றும் சாமானையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, அமைதியான தண்ணீரில் படகை நிறுத்துங்கள். ஒரு நூலில் கல்லைக் கட்டி விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, நீர்மட்டம் தொடும் இடத்தில் முடிச்சுப் போடுங்கள். விளிம்பிலிருந்து அந்த முடிச்சு வரை ஒரு அளவு. என் படகில் அது 62 சென்டிமீட்டர்.

அடுத்தது, கடைசிப் படி தண்ணீருக்குள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். நீர்மட்டத்தில் ஒரு படி, அதற்குக் கீழே ஒரு படி போதும் என்று நினைக்கிறார்கள். தண்ணீரில் மிதந்துகொண்டே முழங்காலை மார்பு வரை தூக்கிப் பாருங்கள், தெரியும். அமெரிக்காவில் படகுகளுக்கான தரநிலைகளை வகுக்கும் ஏ.பி.ஒய்.சி. அமைப்பு, கடைசிப் படியின் மேல்பரப்பு நீர்மட்டத்துக்குக் கீழே குறைந்தது 22 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 56 சென்டிமீட்டர். தண்ணீரில் இருப்பவர் பிறர் உதவியில்லாமல் ஏறும்படி இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. நம் கடலில் அதைக் கட்டாயப்படுத்த ஆள் இல்லாவிட்டாலும், நம் முழங்காலுக்கு அந்த விதி பொருந்துகிறது.

என் கணக்கு இப்படி வந்தது: 62-ம் 56-ம் சேர்த்து 118 சென்டிமீட்டர். படிகளுக்கு இடையே 28 வைத்தேன். விளிம்பிலிருந்து 34, 62, 90, 118 என்று நான்கு படிகள். 25-லிருந்து 30 வரை எந்த இடைவெளியும் வசதிதான். அதற்கு மேல் போனால் வயதானவர்களுக்குச் சிரமம், ரொம்பக் குறைந்தால் வீணாக ஒரு படி கூடும்.

கவனிக்க: ஏணியை உள்ளே எங்கே கட்டுகிறீர்களோ அங்கிருந்து அளக்கக் கூடாது, விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். கட்டும் வளையம் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே இருந்தால், அந்த ஒரு முழத்தையும் கயிற்றில் கூட்டிக்கொள்ளுங்கள்.

கயிற்று ஏணி கட்டுவது

இதைப் புதியவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கட்டிவிடலாம். படி நான்கு, கயிறு 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், வலை தைக்கும் நைலான் நூல் ஒரு உருண்டை, வலைக்குக் கட்டும் ஈயம் 2 கிலோ, வலை மிதப்பு இரண்டு, ஆரஞ்சு நிற மிதப்பு ஒன்று, கயிற்றின் மடிப்பு தேயாமல் காக்கும் இரும்பு வளையக்கூடு இரண்டு, அவ்வளவுதான் சாமான்.

படிக்கு மரம்தான் என் விருப்பம். உருண்டைக் குழாய் வெறும் பாதத்தை அறுக்கும். முழு உடல் கனமும் ஈரக் காலில் ஒரே கோட்டில் இறங்கும்போது ஏற்படும் வலியில் ஆள் பாதியில் நின்றுவிடுவார். 45 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 3 கனம் உள்ள பலகை நல்ல அளவு. தேக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். நான் பூவரசில் செய்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் வேலியில் சாய்த்த மரம் அது. அறுத்து நிழலில் போட்டு வைத்திருந்தோம். பூவரசு ஈரத்துக்குச் சீக்கிரம் அழுகாது. சவுக்கு எங்கும் கிடைக்கிறதே என்று தோன்றும், ஆனால் காயக் காய வெடிக்கும். பனை வைரமாக இருந்தாலும் சிராய் ஏறும், ஈரக் காலுக்கு ஆகாது.

பலகையின் நான்கு ஓரத்தையும் இழைத்து மழுக்குங்கள். மேல்பரப்பில் ரம்பத்தால் நீளவாக்கில் நாலைந்து கீறல் போட்டால் கால் வழுக்காது. வார்னிஷ் அடிக்காதீர்கள், நனைந்தால் எண்ணெய்த் தரை போல ஆகிவிடும். மரப்படகுக்கு அடிக்கும் முந்திரித்தோல் எண்ணெயும் வேண்டாம், தோலில் பட்டால் புண்ணாக்கும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை தடவி நன்றாகக் காயவிட்டால் போதும்.

ஒவ்வொரு பலகையிலும் நான்கு துளை, பக்கத்துக்கு இரண்டு. பலகை முனையிலிருந்து 3 சென்டிமீட்டர் உள்ளே, முன்பின் ஓரங்களிலிருந்தும் அதே அளவு விட்டு, 14 மில்லிமீட்டர் துளை. பக்கத்துக்கு ஒரே துளை போட்டால் என்ன என்று கேட்பீர்கள். நான் முதலில் அப்படித்தான் செய்தேன். பலகையின் முன்னோரத்தில் கால் பட்டதும் ஊஞ்சல் பலகை போல உருண்டது. இரண்டு கயிறு போனால் உருளாது. துறைமுகத்துக்கு வரும் பெரிய கப்பல்களில், கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறுவதற்குத் தொங்கவிடும் கயிற்று ஏணியைப் பார்த்திருந்தால் கவனித்திருப்பீர்கள், அதிலும் பக்கத்துக்கு இரண்டு கயிறுதான்.

கயிறு 12 மில்லிமீட்டர். மீன்பிடிச் சாமான் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பச்சையோ நீலமோ மிதக்கும் கயிறாகத்தான் இருக்கும். அது ஏணிக்கு வேண்டாம். தண்ணீருக்குள் இறங்காமல் மேலே சுருண்டு கிடக்கும், வெயிலில் சீக்கிரம் பொடியும். நைலானோ பாலியெஸ்டரோ கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். மூழ்கினால் வாங்குங்கள்.

இனி கட்டுவது. பக்கத்துக்கு 6 மீட்டர் வெட்டி, வெட்டிய முனைகளைத் தீயில் காட்டி உருக்கிக்கொள்ளுங்கள். கயிற்றை நடுவில் மடித்து, மடிப்பில் ஒரு இரும்பு வளையக்கூட்டை வைத்து நைலான் நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். அதுதான் ஏணியின் தலை. தொங்கும் இரண்டு முனைகளையும் முதல் பலகையின் இரண்டு துளைகளில் நுழைத்து, பலகைக்குக் கீழே ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரண முடிச்சு. பிறகு அடுத்த பலகை. இப்படியே நான்கும்.

மட்டம் பார்ப்பதில்தான் பொறுமை வேண்டும். முடிச்சு போடும்போது சரியாக இருக்கும், ஆள் ஏறியதும் ஒன்று இறுகும், ஒன்று இறுகாது, பலகை கோணும். அதனால் முடிச்சுகளை முதலில் லேசாகப் போட்டு, ஏணியை நனைத்து, மரக்கிளையிலோ உத்தரத்திலோ தொங்கவிட்டு, ஒவ்வொரு படியிலும் ஆள் ஏறிக் குதித்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் மச்சினனும் மாறி மாறி நின்றோம். கீழ்ப்படி இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அவிழ்த்து மறுபடி போட்டோம். மட்டம் வந்த பிறகுதான் ஒவ்வொரு பலகைக்கும் மேலே, இரண்டு கயிற்றையும் சேர்த்து நைலான் நூலால் பத்துச் சுற்று இறுக்கிக் கட்ட வேண்டும். இந்தக் கட்டு பலகை மேலே நகராமல் பிடிக்கும்.

இப்போது இதைப் படகில் தொங்கவிட்டால், நான் அன்று பட்ட அதே பாடு காத்திருக்கும். மரப்படி மிதக்கும். கால் வைத்ததும் ஏணி படகுக்கு அடியில் ஓடும், உடம்பு பின்னால் சாயும். இதற்கு இரண்டு மருந்து. கடைசிப் படியின் அடியில் ஈயத்தை இரண்டு பக்கமும் ஒரு கிலோ வீதம் கட்டுங்கள். ஏணி நேராக நிற்கும், கால் துழாவும் இடத்தில் படி இருக்கும். இரண்டாவது, நீர்மட்டத்தில் இருக்கும் படியின் பின்பக்கம், படகைப் பார்த்த பக்கத்தில், வலை மிதப்பை முனைக்கு ஒன்றாகக் கட்டுங்கள். ஏணிக்கும் படகுக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். விரல் நுனி மட்டுமல்ல, பாதத்தின் பாதி பலகையில் பதியும். கடையில் வாங்கும் இரும்பு ஏணியிலும் இந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

தொங்கவிடும் இடம்

கயிற்று ஏணியைப் படகின் நடுப்பக்கம், பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் தொங்கவிடுவதே நல்லது. அலையில் அந்த இடம்தான் குறைவாக ஆடும். பின்பக்கம் அலையில் தூக்கித் தூக்கி அடிக்கும், கீழே இருப்பவரின் தலைக்கு ஆபத்து. மோட்டார் வேறு அங்கேதான் இருக்கிறது. ஏணி எங்கே இருந்தாலும், ஆள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் ஓடக் கூடாது. நியூட்ரலில் போட்டால் போதும் என்று விடாமல் முழுக்க அணைத்துவிடுங்கள்.

நடுப்பக்கம் ஏறும்போது சின்னப் படகு சாயும். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும். உதவி செய்யும் ஆசையில் எல்லோரும் ஒரே பக்கம் வருவதுதான் தண்ணீர் உள்ளே வரக் காரணம்.

ஏணியைச் சுருட்டி விளிம்பின் உள்பக்கம் வைத்து, தலை இரண்டையும் நிரந்தரமாகக் கட்டிவிடுங்கள். சுருளை ஒரே ஒரு உருவுமுடிச்சால் நிறுத்துங்கள். அந்த முடிச்சின் வால் விளிம்பைத் தாண்டி, தண்ணீரில் இருப்பவர் கைக்கு எட்டும்படி வெளியே தொங்க வேண்டும். முனையில் ஆரஞ்சு நிற மிதப்பு ஒன்று. இழுத்தால் ஏணி சரிந்து விழ வேண்டும். வால் மோட்டாரின் விசிறிக்கு எட்டாத நீளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் பாய் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. நீங்கள் விழுந்தாலும் படகு காற்றோடு போய்க்கொண்டே இருக்கும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்திருக்கும் நாளில் நீந்திப் பிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் படகோடு ஒரு கயிற்றால் உங்களைப் பிணைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

இரும்பு ஏணி என்றால்

நிலையாகப் பொருத்தும் மடக்கு ஏணியில் பார்க்க வேண்டியது முதலில் உலோகம். உப்புத் தண்ணீருக்கு 316 என்னும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்பு சீக்கிரம் குழி பறிக்காது. 304 சமாளிக்கும், ஆனால் வெல்டிங் இடங்களில் பழுப்புக் கறை வரும். மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் 202 கடலுக்கு ஆகவே ஆகாது. நான் ஒரு கடையில் 316 என்று சொல்லித் தந்ததை வாங்கினேன். மூன்றே மாதத்தில் கீல் துருப்பிடித்து மடங்கவே இல்லை. வாங்கும்போதே காந்தம் வைத்துப் பார்த்திருந்தேன், ஒட்டவில்லை என்று நம்பிவிட்டேன். மூன்றிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது என்பது பிறகுதான் தெரிந்தது. பழைய உலோகம் வாங்குபவர்களிடம் மாலிப்டினம் பார்க்கும் சொட்டு மருந்து இருக்கும். ஒரு சொட்டும் ஒரு பேட்டரியும் போதும், நிமிடத்தில் நிறம் காட்டிவிடும். பணம் கொடுப்பதற்கு முன் செய்துவிடுங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்வதென்றால் 25 மில்லிமீட்டர் குழாய், ஆர்கான் வெல்டிங், கம்பியும் 316-க்கு உரியதாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகு வேலையில் பட்டறைகள் நிரம்பி வழியும். மார்ச்சுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். நேராகத் துளை போட்டு போல்ட் முடுக்கினால், தண்ணீர் உள்ளே இறங்கி ஓரிரு மழைக்காலத்தில் பலகை உளுத்துவிடும். 12 மில்லிமீட்டர் துளை போட்டு, எபாக்சி நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் 8 மில்லிமீட்டரில் மறுபடி துளையிடுங்கள். முழுக்க ஊடுருவும் போல்ட், உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு. மர ஆணி போன்ற ஸ்க்ரூ எந்த இடத்திலும் கூடாது. மோட்டாருக்கு எதிர் ஓரத்தில் பொருத்துங்கள். கடையில் அதிகம் கிடைப்பது மூன்று படி ஏணி, நம் அளவுக்கு அது பெரும்பாலும் எட்டாது. நான்கு படி கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரிலேயே தொங்கவிட்டு வைக்காதீர்கள். சில வாரத்தில் கூரான ஓடுள்ள கொட்டலசு ஒட்டிப் பிடித்து, காலை வைத்தால் கத்தி மாதிரி அறுக்கும்.

சோதனை

கரையில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீரில் பார்க்காத ஏணியை நம்பக் கூடாது. அமைதியான காலை வேளையில், மணல் திட்டுப் பக்கம் நங்கூரம் போடுங்கள். கடற்புல் படர்ந்த இடத்தில் வேண்டாம். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் 2022-ல் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் புல்தான் அவற்றின் சாப்பாடு, நங்கூரம் அதை வேரோடு பிடுங்கிவிடும்.

நீங்கள் வழக்கமாக அணியும் உடுப்போடு, மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு இறங்குங்கள். கால் தரையில் படாத ஆழம் வேண்டும். வாலை இழுத்து ஏணியை இறக்கி, யாரும் தொடாமல் ஏறிப் பாருங்கள். அப்புறம் பத்து நிமிடம் நீந்திவிட்டு வந்து மறுபடி ஏறுங்கள். முதல் முறை எல்லோரும் ஏறிவிடுவார்கள். களைத்த கையோடு ஏறுகிறோமா என்பதுதான் கணக்கு. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் செய்யுங்கள், இரவில் எல்லாம் கையால் தேடித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நானும் மச்சினனும் ஏறி முடித்து, ஏணி பிரமாதம் என்று பேசிக்கொண்டிருந்தபோது என் மகள், “நான் ஏறிப் பாக்குறேன்பா” என்றாள். பன்னிரண்டு வயது. மூன்று படி சுலபமாக ஏறினாள். மேல்படியில் நின்றதும் கை காற்றில் துழாவியது. விளிம்பு அவள் முழங்காலளவில் இருக்க, பிடித்து உடலை உள்ளே இழுக்க எதுவும் இல்லை. எங்களுக்கு நீளக் கை, எதிரே இருந்த பாய்க்கயிற்றைப் பிடித்து ஏறியிருக்கிறோம், அது எங்கள் கவனத்திலேயே இல்லை. மறுநாள் விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் உள்ளே, படகின் தரைக்கட்டையில் ஒரு கயிற்றுக் கைப்பிடியை போல்ட் போட்டு இறுக்கினேன். அடுத்த ஞாயிறு அவளைக் கூப்பிட்டுப் போனேன். நாலு முறை ஏறினாள். நாலாவது முறை, கைப்பிடி இன்னும் ஒரு சாண் இடது பக்கம் தள்ளி இருந்தால் நல்லது என்றாள். தள்ளி வைத்தேன். இப்போது அங்கேதான் இருக்கிறது.